இடப்பக்கம் நூறு அடி

டிரைவர்: கத்தாதே. கத்தினா பனி விலகிடுமா?

டீச்சர்: நான் கத்தல. என் குரலே அப்படி. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்னு முப்பத்தொரு வருஷம் பழக்கின குரல்.

டிரைவர்: இங்க கடைசி பெஞ்சும் இல்ல, முதல் பெஞ்சும் இல்ல. கடல்தான் இருக்கு. அதுக்குப் பாடம் ஏறாது.

டீச்சர்: கையை விடாதீங்க.

டிரைவர்: விடல. உன் கைதான் நடுங்குது.

டீச்சர்: நடுங்கறது உங்க கை. என் கை அதுக்குத் துணைக்கு ஆடுது.

டிரைவர்: சரி, ரெண்டும் ஆடட்டும். கார் எந்தப் பக்கம் இருக்கு, அதைச் சொல்லு.

டீச்சர்: என்னைக் கேக்கறீங்களே... ‘முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டினவன், கண்ணைக் கட்டி விட்டாலும் டிப்போவுக்கு வந்து சேருவேன்’னு ஊரெல்லாம் சொன்னது யாரு?

டிரைவர்: ரோட்டுல சொன்னேன். இங்க ரோடு எங்க இருக்கு? சேறும் மணலும், சுத்தி வெள்ளை. சுண்ணாம்பு டப்பாவுக்குள்ள போட்டு மூடின மாதிரி.

டீச்சர்: கடல் உள்ளே போயிருக்கு, தரை காஞ்சு கிடக்கு, வா நடக்கலாம்னு கூட்டிட்டு வந்ததும் நீங்கதான். தண்ணி பன்னெண்டு மணிக்குத்தான் திரும்பி வரும்னு கரையில இருக்கற பலகையைப் படிச்சுச் சொன்னதும் நீங்கதான்.

டிரைவர்: பன்னெண்டுன்னுதான் போட்டிருந்துச்சு.

டீச்சர்: இப்ப மணி பத்தேகால். தண்ணி கணுக்காலைத் தாண்டிடுச்சு.

டிரைவர்: கடலுக்கு அவசரம் போல.

டீச்சர்: சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

டிரைவர்: எனக்கு மட்டும் என்ன, கொண்டாட்டமா இருக்கா? ...போன் இருந்தா யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ரெண்டு போனையும் கார்லயே வைங்க, மனசு விட்டுப் பேசணும்னு சொன்ன. பேசினியா? காரை விட்டு இறங்கினதுலேர்ந்து வாயைத் தைச்சுக்கிட்டு என் பின்னாடி வந்த.

டீச்சர்: எப்படிப் பேசறது? ‘திங்கட்கிழமைலேர்ந்து அந்த ஸ்கூல் வேனை ஓட்டப் போக வேண்டாம்’னு ஒரு வரி சொன்னேன். கார் கதவை நீங்க சாத்தின சாத்துல அக்கம்பக்கத்துப் பறவையெல்லாம் வேற நாட்டுக்குப் போயிடுச்சு.

டிரைவர்: பதினெட்டுக் குழந்தைங்க. நான் வருவேன்னு காத்துக்கிட்டு இருக்குங்க. ரிடையர் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் மதிச்சுக் கூப்பிடறான். உனக்குப் பொறுக்கல.

டீச்சர்: இப்ப வேன் பேச்சு வேண்டாம்.

டிரைவர்: நான் எடுக்கல. நீதான் எடுத்த.

டீச்சர்: சரி, நான்தான். ...அது என்ன சத்தம், கிலுகிலுன்னு?

டிரைவர்: சாவி. கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன். நனைஞ்சா ரிமோட் போயிடும்.

டீச்சர்: ஆள் போனாலும் ரிமோட் போகக்கூடாது.

டிரைவர்: ஏம்மா... தண்ணி ஏறுது. எனக்கு விளையாட்டாத் தெரியல. கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதும், கண்ணை மூடிக்கிட்டு ஓடிடுவேன்.

டீச்சர்: ஓடி எங்க போவீங்க? கரை முழுக்கச் சுவர், ரெண்டு ஆள் உயரம். சுவருக்கு அடியில ஓடை. தண்ணி வந்தா முதல்ல அதுதான் நிரம்பும், நம்மளை நின்னவாக்குல முழுங்கும். மேல ஏற இருக்கறது ஒரே இடம், படகு இறக்கற கல் சரிவு. அதுக்கு மேலதான் நம்ம கார் நிக்குது. அதைத் தவிர வேற எங்க போனாலும்...

டிரைவர்: சொல்லாதே.

டீச்சர்: சொல்லல.

டிரைவர்: அப்ப வந்த வழியே திரும்புவோம்.

டீச்சர்: கால் தடம் தெரியுதா உங்களுக்கு?

டிரைவர்: ...தண்ணிக்குள்ள எப்படித் தெரியும்? உனக்குத் தெரியுதா?

டீச்சர்: தெரியல. அதனால உள்ளங்கையை நீட்டுங்க.

டிரைவர்: இந்த நேரத்துல கைரேகையா?

டீச்சர்: ஆமா. தண்ணியில கண்டம்னு இருக்கு. நீட்டுங்க. இந்த மணிக்கட்டு நம்ம கார். விரல் நுனிப்பக்கம் கடல். காரிலேர்ந்து கடலைப் பாத்து எத்தனை அடி நடந்தோம்?

டிரைவர்: ஐநூறு. அடி எண்ற மிஷின் சொல்லிச்சே. இடுப்புலேர்ந்து நூறு அடிக்கு ஒருதரம் ஒரு பொம்பளை பேசறாளே, நீ வாங்கித் தந்தது. நீ வாங்கினதுலயே உருப்படி அது ஒண்ணுதான். ...கூசுது.

டீச்சர்: கூசட்டும். ஐநூறு. அதுக்கப்புறம் வலப்பக்கம் திரும்பினோம். நானூறு அடி. அங்க உடைஞ்ச படகு. அங்கதான் பனி இறங்கிச்சு. கரையைப் பாத்துத் திரும்பி, ஒரு இருநூறு அடி வந்தோம். அதோட உங்க இடுப்புப் பொம்பளை தண்ணி பட்டு வாயை மூடிட்டா. இப்ப நிக்கறது இங்க.

டிரைவர்: அஞ்சு, நாலு, ரெண்டு... மொத்தம் ஆயிரத்து நூறு. அத்தனை அடியும் திரும்ப வைக்கறதுக்குள்ள தண்ணி மூக்குக்கு வந்துடும்.

டீச்சர்: அது கால் நடந்த தூரம். காருக்கும் நமக்கும் நடுவுல அவ்வளவு இல்ல. கடல் பக்கம் ஐநூறு போனோம், அதுல இருநூறு திரும்பி வந்துட்டோம். ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. மிச்சம்?

டிரைவர்: முன்னூறு.

டீச்சர்: வலப்பக்கம் போன நானூறு அப்படியே இருக்கு. அதைத் தின்ன எதுவும் இல்ல. முன்னூறு இப்படி, நானூறு அப்படி, ரெண்டும் செங்குத்து. இந்த மூலையிலேர்ந்து மணிக்கட்டுக்கு ஒரே கோடு போட்டா...

டிரைவர்: ஐநூறு.

டீச்சர்: எப்படிச் சொன்னீங்க?

டிரைவர்: நீ சாப்பாட்டு மேசையில விடைத்தாளைப் பரப்பிக்கிட்டு முப்பத்தொரு வருஷம் புலம்பினியே. மூணும் நாலும் வந்தா அஞ்சுன்னு நம்ம வீட்டுப் பூனைக்கே தெரியும். பாதிக்குப் பாதி மிச்சம். வா, போகலாம்.

டீச்சர்: எந்தத் திசையில?

டிரைவர்: ...அதைத்தான் முதல்லேர்ந்து கேக்கறேன்.

டீச்சர்: காலால தேடிப் பாருங்க. மணல்ல வரிவரியா மேடு இருக்கா?

டிரைவர்: இருக்கு. பனியன் மடிப்பு மாதிரி.

டீச்சர்: அலை போட்ட வரி. அது கரையோட சேந்தே ஓடும். வரியோட போனா கரையை ஒட்டிப் போறோம். வரியைக் குறுக்க வெட்டினா கரைக்குப் போறோம், இல்ல கடலுக்குப் போறோம்.

டிரைவர்: அதுல எது கரை, எது கடல்?

டீச்சர்: அசையாம நில்லுங்க. தண்ணி காலை எந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளுது?

டிரைவர்: பின்னாலேர்ந்து... முதுகுப் பக்கம் கடல்.

டீச்சர்: அப்ப முன்னாடி கரை. வலப்பக்கம் போனதுக்கு இப்ப கடனைத் திருப்பித் தரணும். கரையைப் பாத்து நிக்கறதால அது மறுபடி நமக்கு வலப்பக்கம்தான். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. கோணலா வெட்டிக்கிட்டு ஒரே நேரா போறோம். நான் எண்றேன். ஒண்ணு... ரெண்டு... மூணு...

டிரைவர்: நில்லு.

டீச்சர்: என்ன?

டிரைவர்: கால்ல ஏதோ உரசிட்டுப் போச்சு.

டீச்சர்: பாசியா இருக்கும்.

டிரைவர்: பாசிக்கு இவ்வளவு வேகம் ஏது? ...ஐயோ, மறுபடி. வழவழன்னு.

டீச்சர்: மீன். சின்ன மீன். அதுவும் நம்மளைப் பாத்துப் பயந்துதான் ஓடுது. ஏழு... எட்டு... ஒம்பது...

டிரைவர்: நில்லு, நில்லு. இது சரியில்ல.

டீச்சர்: மீனை விடுங்க.

டிரைவர்: மீன் இல்ல. நீ ஒடிக்கிற.

டீச்சர்: என்னத்தை?

டிரைவர்: ஸ்டியரிங்கை. கரைப்பக்கமா அதிகமா ஒடிக்கிற. பத்து அடிக்குள்ள எனக்குத் தெரிஞ்சுடும், எத்தனை லட்சம் வளைவு திருப்பின கை இது. வரியோட நாலு பங்கு, குறுக்க மூணு பங்கு. அதானே உன் கணக்கு? நீ ரெண்டையும் சமமா வெட்டிக்கிட்டுப் போற.

டீச்சர்: ...கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். வாங்க.

டிரைவர்: இது கொஞ்சமா? முன்னூறுக்கு முன்னூறு போற. நானூறுல ஒரு நூறு எங்க போச்சு?

டீச்சர்: என் மேல நம்பிக்கை இல்லையா?

டிரைவர்: சரிவு தப்பினா ஓடைன்னு இப்பத்தானே சொன்ன. காரணம் சொல்லு, வர்றேன். சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

டீச்சர்: தண்ணி முழங்காலைத் தொடுது.

டிரைவர்: தொடட்டும். மரம் மாதிரி நிப்பேன்.

டீச்சர்: உங்க பிடிவாதத்தைப் பிழிஞ்சா இந்தக் கடலை விடப் பெரிய கடல் வரும்.

டிரைவர்: பிழி. நின்னுக்கிட்டே இருக்கேன்.

டீச்சர்: ...முதல் ஐநூறு அடி நீங்க நேரா நடக்கல.

டிரைவர்: யாரு? நானா?

டீச்சர்: நீங்கதான் முன்னாடி நடந்தீங்க. நான் பின்னாடி வந்தேன். திரும்பிப் பாத்தேன். உங்க கால் தடம் வில்லு மாதிரி இடப்பக்கமா வளைஞ்சு கிடந்துச்சு.

டிரைவர்: அந்தக் கம்பத்தைக் குறி வெச்சுத்தானே நடந்தேன். காருக்கு நேர் எதிர்ல கொடி கட்டின கம்பம். ‘கம்பம் வந்தாச்சு, வலப்பக்கம் திரும்பு’ன்னு நான்தானே சொன்னேன்.

டீச்சர்: சொன்னீங்க. அந்த இடத்துல கம்பம் இல்ல. நமக்கு வலப்பக்கம் ஒரு நூறு அடி தள்ளி நின்னுச்சு.

டிரைவர்: நூறு அடியா?

டீச்சர்: கண் மதிப்புதான். தொண்ணூறாவோ நூத்துப்பத்தாவோ கூட இருக்கலாம்.

டிரைவர்: அப்ப ஏன் வாயைத் திறக்கல?

டீச்சர்: கோவம். உங்களோட பேசறதில்லைன்னு இருந்தேன்.

டிரைவர்: அப்ப நான் எதைப் பாத்துக் கம்பம்னு சொன்னேன்?

டீச்சர்: ...

டிரைவர்: கேக்கறேன்ல.

டீச்சர்: அங்க மணல் இடப்பக்கமா சரிவு. யாரு நடந்தாலும் இழுத்துடும். நீங்களும் என் மேல கடுகடுன்னு நடந்தீங்க, கம்பத்தை எங்க கவனிச்சீங்க?

டிரைவர்: ...ஆமா. சரிவுதான். அப்பவே காலுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

டீச்சர்: அதனால ஐநூறோட, இடப்பக்கம் நூறுன்னு உள்ளங்கையில இன்னொரு அம்புக்குறியையும் சேக்கணும். வலப்பக்கம் போன நானூறுல அது நூறைத் தின்னுடும். கடல் பக்கம் முன்னூறு, வலப்பக்கம் முன்னூறு. ரெண்டும் சமம். நேர்கோடு ஐநூறு கூட இல்ல, நானூத்து இருபத்தஞ்சுதான்.

டிரைவர்: அப்ப ரெண்டாவது நானூறு? அதுல நான் கோணலாப் போகலையா?

டீச்சர்: அதுல உங்க இடப்பக்கம் நான் வந்தேன். ‘ஏன் இப்படித் தோள்ல இடிச்சுக்கிட்டே வர்ற, சமாதானமா?’ன்னு கேட்டீங்களே.

டிரைவர்: சமாதானம்னு நினைச்சேன்.

டீச்சர்: அதுவும்தான். இப்ப நானே முன்னாடி போறேன். நடங்க. விட்ட இடத்துலேர்ந்து... பத்து, பதினொண்ணு...

டிரைவர்: மெதுவா.

டீச்சர்: மெதுவாப் போக நேரம் இல்ல. இருபது... இருபத்தொண்ணு... 

டிரைவர்: நான் ஒண்ணு கேக்கட்டுமா?

டீச்சர்: முப்பத்தஞ்சு... கேளுங்க... முப்பத்தாறு...

டிரைவர்: கணக்கு தப்பினா?

டீச்சர்: தப்பாது.

டிரைவர்: வகுப்புல தப்பினா மார்க் போகும். இங்க?

டீச்சர்: நாப்பத்திரெண்டு... பேசாம வாங்க. எண்ணிக்கை விட்டுப்போனா ரெண்டு பேரும் போயிடுவோம்... நாப்பத்துமூணு...

டிரைவர்: ...

டீச்சர்: தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... நூறு. இருக்கீங்களா?

டிரைவர்: தோள்ல கை இருக்குல்ல? அப்ப இருக்கேன்.

டீச்சர்: பேசாதீங்கன்னா ஒரேயடியா ஊமையாயிடறதா? பின்னாடி யாருமே இல்லாத மாதிரி... உயிரே போயிடுச்சு.

டிரைவர்: உனக்கு எப்படி இருந்தாலும் குத்தம். ...தண்ணி தொடைக்கு வருது. கரைக்குப் போனா குறையணும்ல? ஏன் ஏறுது?

டீச்சர்: நாம போற வேகத்தை விட அது வர்ற வேகம் அதிகம். நூத்தி அஞ்சு...

டிரைவர்: பல்லு அடிச்சுக்குது. குளிரா பயமான்னு தெரியல.

டீச்சர்: ரெண்டும் அம்புக்குறிதான். சேத்துப் போட்டுக்கோங்க. நூத்தி ஆறு... வரி தெரியுதா காலுக்கு?

டிரைவர்: தெரியுது. கொஞ்சம் கரைஞ்ச மாதிரி இருக்கு... இல்ல, இருக்கு. நீ நேராத்தான் போற.

டீச்சர்: அதைச் சொல்லிக்கிட்டே வாங்க. எனக்கு அது போதும். 

டிரைவர்: நேரா... நேரா... லேசா வலது... ஆங், நேரா.

டீச்சர்: இருநூத்தி நாப்பது... 

டிரைவர்: நேரா.

டீச்சர்: இருநூத்தி அறுபது... இருநூத்தி அறுபத்தொண்ணு... இருநூ...

டிரைவர்: ரெண்டு. அறுபத்திரெண்டு. என்ன ஆச்சு?

டீச்சர்: ஒண்ணும் இல்ல.

டிரைவர்: எண்ணலையா?

டீச்சர்: மனசுக்குள்ள எண்றேன். மூச்சு வாங்குது.

டிரைவர்: கை ஏன் திடீர்னு இறுகுது? எதையாவது பாத்தியா?

டீச்சர்: இல்ல. பின்னாடி மட்டும் திரும்பாதீங்க.

டிரைவர்: திரும்பினாலும் என்ன தெரியப் போகுது, வெள்ளையைத் தவிர?

டீச்சர்: ...ஆமா. வெள்ளைதான். வேகமா வாங்க.

டிரைவர்: இழுக்காதே, விழுந்துடுவேன். ஸ்வெட்டரைக் கழட்டிடட்டுமா? முதுகு வேர்க்குது.

டீச்சர்: பயத்துல வேர்க்குது. கழட்ட நேரம் இல்ல. கொஞ்சம் வலப்பக்கம்... இன்னும்.

டிரைவர்: வலமா? கணக்குல அது இல்லையே.

டீச்சர்: பத்து இருபது அடி எந்தக் கணக்குலயும் தப்பும். வாங்கன்னா வாங்க.

டிரைவர்: தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு... ஏம்மா... கால் மண்ணுல ஊன மாட்டேங்குது... ஏம்மா...

டீச்சர்: என் கழுத்தைப் பிடிங்க. அந்தச் சாவிக் கையை இறக்குங்க முதல்ல, ரெண்டு கையாலயும் பிடிங்க.

டிரைவர்: சாவி...

டீச்சர்: வாயில கவ்விக்கோங்க. நாலு அடி. நாலே நாலு அடி. இழுத்துக்கிட்டுப் போகப் பாக்கும், விடாதீங்க. என் மேல சாயுங்க. ஒண்ணு... ரெண்டு... பயப்படாதீங்க, நான் இருக்கேன்... மூணு...

டிரைவர்: ம்ம்... ம்ம்... 

டீச்சர்: என்ன?

டிரைவர்: ...கல்லு. காலுக்கடியில கல்லு. கல்லுடி இது.

டீச்சர்: சரிவு. பாசி வழுக்கும், உட்காந்து ஏறுங்க. குழந்தை மாதிரி. வெக்கம் வேண்டாம், யாரும் பாக்கல... இன்னும் மேல... இன்னும்... போதும். உட்காருங்க.

டிரைவர்: உயிரோடதான் இருக்கோமா?

டீச்சர்: கிள்ளட்டுமா?

டிரைவர்: வேண்டாம். முட்டி எரியற எரிச்சலே போதும். ...நீ பெரிய ஆளுதான் டீச்சரம்மா. உள்ளங்கையில நாலு கோடு கிழிச்சு, ரெண்டு பேரைக் கடல் வாயிலேர்ந்து பிடுங்கிட்ட. திங்கட்கிழமை வேன்ல அந்தக் குழந்தைங்ககிட்டச் சொல்லணும். கொஞ்ச நேரம் உட்காந்திருப்போம். இந்தப் பனி விலகட்டும். விலகின உடனே நானே ஓட்டறேன்.

டீச்சர்: காலையில வரும்போது வழியெல்லாம் நான் தொணதொணன்னு பேசிட்டு வந்தேனே... ‘அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு நேரமா எரியுது பாருங்க’, ‘அந்தம்மா குழந்தையோட ரோட்டுல இறங்கிட்டாங்க பாருங்க’ன்னு. எதுக்குன்னு நினைச்சீங்க?

டிரைவர்: உனக்கு வாய் சும்மா இருக்காது.

டீச்சர்: கடைக்காரன்கிட்ட அலைஞ்சு திரிஞ்சு, நம்பர் காட்டற மிஷினை விட்டுட்டு, பேசற மிஷினா வாங்கினேனே. அது எதுக்கு?

டிரைவர்: ...விலை குறைச்சலா இருந்திருக்கும்.

டீச்சர்: அங்க மணல் சரிவு எதுவும் கிடையாது. தட்டு மாதிரி இருந்துச்சு தரை. இதோ, பலகையிலயும் பன்னெண்டுன்னு போடல. பத்துன்னு போட்டிருக்கு.

டிரைவர்: இந்தப் பனியிலயா பலகை தெரியுது உனக்கு?

டீச்சர்: பனி அப்பவே விலகிடுச்சுங்க. எண்றதை நிறுத்தினேன் பாருங்க, அப்பவே.

டிரைவர்: ...தெரியும். முதுகுல வெயில் சுட்டப்பவே தெரியும். இந்தா, பிடி... வளையத்தோட எடுத்துக்கோ. வேன் சாவியும் அதுலதான் இருக்கு.